தட்டோரம்

தங்கசாமி கையலம்ப எழுந்துபோன பிறகு, அவன் சாப்பிட்ட தட்டைப் பார்த்தே அன்றைக்கு அவன் மனசு எப்படி இருக்கிறது என்று முப்பிடாதி சொல்லிவிடுவாள்.

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சால் குடியிருப்பில் வரிசையாகப் பத்து அறைகள். பத்திலும் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபின் அதே தட்டில் பெண்கள் போட்டுச் சாப்பிடுவது எல்லா அறைகளிலும் உள்ள வழக்கம்தான். முப்பிடாதிக்கு மட்டும் அது வேறாக இருந்தது.

தங்கசாமி பேச்சுக்காரன் இல்லை. கல்யாணமாகி அவள் பம்பாய்க்கு வந்த புதிதில் ஒருநாள், அவன் எழுந்த தட்டின் ஓரத்தில் ஒரு பிடி குழம்புச் சோறும், அதன்மேல் முள் நீக்கிய அயிலை மீனின் நடுத்துண்டும் இருந்தன. மறந்துவிட்டான் என்று நினைத்துத் தட்டோடு வெளியே ஓடினாள்.

“மீன வச்சிட்டு எந்திச்சிட்டியளே.”

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சாக்கடையைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு, “எனக்குப் போதும்” என்றான்.

விடிந்ததிலிருந்து உப்புத்தோல் கட்டுகளைத் தலையில் சுமந்து லாரிக்கும் கிடங்குக்கும் நடக்கிறவனுக்கு, பானையை இறக்கிவைக்க விடாமல் “இன்னும் கொஞ்சம் போடு” என்கிறவனுக்கு, போதுமாம். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் துண்டைத் தின்றாள். அன்றிலிருந்து தட்டோரம்தான் அவர்கள் இருவருக்குமான பேச்சு. சண்டை போட்ட நாட்களில் தட்டு வழித்து நக்கியதுபோல் சுத்தமாக இருக்கும். சமாதானமான நாட்களில் இரண்டு துண்டு இருக்கும். பிள்ளை இல்லாத வீட்டில், சாயங்காலம் அவன் பசியோடு வாசலில் குனிந்து நுழைவதே அவளுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததுபோல் இருந்தது.

அந்தப் பசியைத்தான் ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்துவிட்டார்கள்.

வயிற்றுப் புண் வருஷக்கணக்காக இருந்தது. சோடா உப்பைத் தின்று தின்று ஓட்டினான். அறுபத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில், தோல் கட்டை இறக்கிவைத்தவன் அப்படியே ரத்தமாகக் கக்கினான். இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, மிஞ்சியதைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தது பெரிது என்றார் டாக்டர். வார்டில் இருந்த மலையாளத்து நர்ஸ் வீட்டுக்கு அனுப்பும்போது முப்பிடாதியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: “வயிறு இனி இத்தனைதான். கோழி கொத்துறது போல கொஞ்சம் கொஞ்சம், தினம் ஆறு வட்டம் கொடுக்கணும். நிறையக் கொடுக்கக் கூடாது.”

முப்பிடாதி தலையை ஆட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்து தட்டை எடுத்தபோது கை கேட்கவில்லை. மூன்று கவளச் சோற்றைத் தட்டின் நடுவில் வைத்துப் பார்த்தாள். காக்கைக்கு வைக்கிற மாதிரி இருந்தது. செத்துப் பிழைத்து வந்த மனுஷனுக்கு அதை எப்படி வைப்பது? இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். அப்புறம் இன்னும் ஒன்று.

தங்கசாமி தட்டைப் பார்ப்பான். அவளைப் பார்ப்பான். வெண்ணீறு பூசின மாதிரி வெளிறிப்போன முகத்தோடு பிசைய ஆரம்பிப்பான். புளி சேர்த்த எதை வாயில் வைத்தாலும் ஆணியைச் சப்புகிறாற்போல் இருக்கிறது என்பான். மீன் பொரிக்கிற வாடை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். காப்பியில் சீனி போட்டுக் குடித்துவிட்டு நெஞ்சு படபடத்து, ஆறாய் வேர்த்துப் பாயில் சாய்ந்தான் ஒருநாள். சோறும் அப்படித்தான். அவளுக்காக அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்வான். பிற்பாடு முக்கால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழ ஆரம்பித்தான்.

அவள் அதைத்தான் சாப்பிட்டாள். ரேஷனில் அரிசி அளந்து அளந்து கொடுத்த காலம் அது. கோதுமைதான் தாராளம். அரிசிச் சோற்றைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? தட்டு முழுக்க மீன் கிடந்தது, நடுத்துண்டும் வால்துண்டுமாய். எதுவும் அவளுக்கென்று வைத்ததில்லை. அத்தனையையும் தின்றுவிட்டு வெறும் தட்டோரத்தை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

குழாயடியில் பக்கத்து அறைக் கோமதியம்மாள் ஒருநாள் சொன்னாள்: “ஏ முப்பிடாதி, ஒம் மாப்பிள ஏக்தம் துரும்பாப் போயிட்டாரு. நீ என்னடான்னா பூசின மாதிரி ஆயிட்டு வாரா. ரெண்டு பேரு சோத்தையும் நீயே தள்ளிருதியோ?”

கோமதியம்மாளுக்கு வாய்தான் அப்படி. ஆஸ்பத்திரிக்குத் தினமும் சுடுதண்ணி போட்டுக் கொடுத்தவள் அவள்தான். முப்பிடாதியும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள். அறைக்குள் வந்துதான் அழுதாள்.

சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஹமீது தன் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தான். மேலப்பாளையத்துக்காரன். தோல் பெட்டிக்குக் கைப்பிடியும் வாரும் தைக்கிற சின்னப் பட்டறை, பின்பக்கத்தில் குடித்தனம். தங்கசாமி வார்களுக்குப் பசை தடவி ஒட்டுவான். முப்பிடாதி மத்தியானத்துக்கு டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பாள். டப்பா காலியாகத்தான் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் காலி செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மார்கழி பிறந்து பம்பாயில் லேசாகக் குளிர் அடித்தது. அப்போதுதான் ஒரு மாற்றத்தைக் கவனித்தாள். தங்கசாமி பொழுது இறங்கின பிறகு வந்தான். வந்ததும் “எனக்கு ஒண்ணும் வேண்டாம் புள்ள” என்று படுத்துவிட்டான். கோபம் வந்தது அவளுக்கு, கூடவே பயமும். ஆனால் சில நாளில், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கன்னத்துக் குழி கொஞ்சம் மேடிட்ட மாதிரி இருந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து நிற்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் உடம்பு துடைத்துக்கொண்டே சீட்டியடித்தான்.

அவள் சமைத்ததைச் சாப்பிடாமலே அவன் உடம்பு தேறுகிறது. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோமதியம்மாள்தான் முடிச்சை அவிழ்த்தாள்.

“ஒனக்குத் தெரியாதா? நோம்புக் கஞ்சிட்டீ. ஹமீது பட்டறையில சாயங்காலம் எல்லாரும் நோம்பு தொறக்கையில ஒம் மாப்பிளையும் உக்காந்துகிட்டு சட்டி ஏந்துதாரு. எங்க வீட்டுக்காரவிய கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாவ. ரெண்டாவது வேற கேட்டு வாங்குனாராம்.”

கஞ்சி குடித்தது அவளுக்கு உறுத்தவில்லை. ஊரிலேயே நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சி வாங்கக் குண்டாவோடு நின்றவள்தான் அவளும். உறுத்தியது அந்த ‘ரெண்டாவது’. இன்னும் கொஞ்சம் என்ற வார்த்தையை அவன் இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். ஒரு பொம்பளையோடு பழகுகிறான் என்று சொல்லியிருந்தால்கூட இப்படி வயிறு பற்றிக்கொண்டு எரிந்திருக்காது.

மறுநாள் பொழுது சாய, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறைச் சந்தில் போய் நின்றாள்.

தோல் துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மண் சட்டியில் கஞ்சி, ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். விடியலிலிருந்து எச்சில்கூட விழுங்காமல் வார் தைத்தவர்கள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. கஞ்சியிலிருந்து ஆவி எழுந்து எழுந்து அடங்கியது. வரிசையின் கடைசியில் தங்கசாமி, அவர்களைப் போலவே கையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. அத்தனை கைகளும் ஒன்றாக அசைந்தன. ஹமீது தண்ணீரை விழுங்கிவிட்டுத் தலையைத் திருப்பினான்.

“அண்ணாச்சிக்கு நோம்பும் இல்ல, தொழுகையும் இல்ல. கஞ்சிக்கு மட்டும் எங்களுக்கு முந்தி வந்து உக்காந்திருதாரு.”

“ஒம்ம மாதிரி ஆளு பக்கத்துல இருந்தா கல்லக்கூடத் திங்கலாம் வே. பாரும், சட்டியவே கடிச்சிருவீரு போல இருக்கு.”

தங்கசாமியின் பதிலுக்குச் சிரிப்பு எழுந்தது. அவன் சட்டியைச் சாய்த்து மிச்சத்தை விரலால் வழித்து நக்கினான். அந்த விரலை முப்பிடாதி பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை மாசம் ஆயிற்று அதைப் பார்த்து.

பின்வாசல் வழியாக ஹமீதின் பெண்சாதி ஆபிதா வந்து அவள் கையைப் பிடித்தாள். “மயினி, சந்துல நிக்கியளே. உள்ள வாங்க.”

அடுப்படியில் உட்காரவைத்து அவளுக்கும் ஒரு சட்டி கொடுத்தாள். முப்பிடாதி வாயில் வைத்தாள். குருணை அரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், கொஞ்சம் தேங்காய்ப்பால். நல்ல கஞ்சிதான். ஆனால் தன் மீன் குழம்பை மறக்கடிக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது இதில்?

“இதுல வேற என்ன போடுதிய ஆபிதா?”

“வேற என்னத்த போட? ஊருல எங்க உம்மா கறியும் போடுவாஹ. இங்க அரிசிக்கே ததிங்கிணத்தோம். ஏன் மயினி, அண்ணாச்சிக்கு வச்சிக் குடுக்கப் போறியளா?”

“எங் கையில ஒரு வாய் எறங்கமாட்டேங்கு அவியளுக்கு.”

ஆபிதா அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, “பெருநா வரைக்கும்தான மயினி இந்தக் கஞ்சி. அப்பறம் நாங்களும் சாயங்காலம் சட்டி வைக்க மாட்டோம். அதுக்குள்ள நீங்களும் பழகிக்கிடுங்க” என்றாள்.

அதுதான் முப்பிடாதியைக் கலக்கியது. பிறை தெரிந்தால் கஞ்சி நிற்கும். அதற்குப் பிறகு அவன் எதைத் தின்று உயிரோடிருப்பான்?

மறுநாளே குருணையும் பூண்டும் வாங்கி, ஆபிதா சொன்ன பக்குவத்தில், மண் சட்டியிலேயே கஞ்சி வைத்தாள். அன்று அவனைப் பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்கு வரச்சொன்னாள். பாங்கு கேட்டதும் அவன் முன்னால் சட்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய். சட்டியைக் கீழே வைத்தான்.

“என்ன, அதே கஞ்சிதான?”

“அதேதான். நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாருக்குன்னா குடிக்க வேண்டியதுதான?”

அவன் சட்டியை ஓரமாக நகர்த்தினான். அவளுக்குள் அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“ஆபிதா கையில எறங்குது. எங் கையில எறங்கலையோ? நான் என்ன வெசத்தையா வைக்கேன்? அங்க ரெண்டாவது கேட்டு வாங்குதிய. இங்க பச்சப்பிள்ள கணக்கா முழிக்கிய.”

“கை இல்ல புள்ள.”

“பின்ன என்ன?”

தைத்த வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான்.

“எனக்குப் பசின்னு ஒண்ணு வர்றதே இல்ல. அத வெட்டிப் போட்டுட்டான் போல. நேரமாச்சேன்னு திங்கேன், அவ்வளவுதான். அங்க இருக்கவங்க காலையிலருந்து தண்ணி குடிக்காம வாடிப்போய் உக்காந்திருக்காங்க. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கும் உள்ள எங்கயோ லேசாச் சொரண்டுது. அவங்க பசியில கொஞ்சம் ஒட்டிக்கிடுது. அது போறதுக்குள்ள குடிச்சிருதேன்.”

“இங்க?”

“இங்க நீ என் வாயவே பாத்துக்கிட்டு இருக்க. நான் முழுங்குனாத்தான் ஒனக்குச் சோறு. நான் வைக்கிறதத்தான் நீ திம்பா. அத நெனச்சாலே தொண்ட அடச்சிக்கிடுது.” தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “நீ எப்படித் திம்பா? நான் பாத்ததே இல்லயேட்டி.”

உண்மைதான். அவன் வெளியே பீடியைப் பற்றவைத்தபிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் சோறு தின்று அவன் பார்த்ததில்லை. அவளுக்கு அதில் ஏதோ குறை இருப்பதாக இதுவரை தோன்றியதும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தாள். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, முதுகு கூச, அவன் பார்க்கப் பார்க்க நான்கு பருக்கையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். “ஆகா, என்ன ருசி” என்றுகூடச் சொன்னாள். தங்கசாமி சிரித்துவிட்டான்.

“நாடகக்காரி கணக்கா இருக்கு. விடு புள்ள.”

அவளும் சிரித்தாள். ஆனால் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கண் எரிந்தது. பொங்கலும் வந்து போயிற்று. அவன் ஒரு விரலில் பொங்கலைத் தொட்டு நாக்கில் வைத்ததோடு சரி. இனிப்புக்குப் பயந்தான். சாயங்காலம் மட்டும் பட்டறைக்குப் போய்வந்தான். அவள் தடுக்கவில்லை. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா தேயத் தேய நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறை தெரிந்துவிட்டது. சந்தெல்லாம் கூச்சலும் வெடியுமாக இருந்தது. பெருநாளன்று ஆபிதா பிரியாணி கொடுத்தனுப்பினாள். தங்கசாமி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கோமதியம்மாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். மறுநாள் இரண்டு வாய்ச் சோறு. அதற்கடுத்த நாள் பாலில் நனைத்த பாவ் ரொட்டி பாதி. சட்டைக் காலருக்குள் கழுத்து மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் ரேஷன் கடைக்கு அரிசி வந்திருக்கிறது என்று சொன்னார்கள். காலையிலேயே மீன்காரியிடம் வாங்கிய அயிலையைக் குழம்பு வைத்து மூடிவிட்டு, டீகூடக் குடிக்காமல் முப்பிடாதி ஓடினாள். லைன் தெருமுனையைத் தாண்டி நின்றது. கடைக்காரன் தராசு சரியில்லை என்றான். பிறகு மூட்டை வரவில்லை என்றான். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனான். நகர்ந்தால் இடம் போய்விடும். வெயில் உச்சியில் இறங்கியது. முன்னால் நின்ற மராட்டிக்காரி வெற்றிலை கொடுத்தாள், வேண்டாம் என்றாள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் அரிசி கைக்கு வந்தது. பையைச் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

தங்கசாமி வேலை முடிந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் முன்னால்தான் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. பழக்க தோஷத்தில் அவன் முகம் பட்டறைப் பக்கம் திரும்பியிருந்தது.

“ஏன் இம்புட்டு நேரம்?”

“பாவி கதவச் சாத்திட்டுப் போயிட்டான். இரிங்க, வாரேன்.”

விளக்கைப் பொருத்தி, அடுப்பில் புது அரிசியைப் பொங்கி வடித்தாள். சோறு வெந்த வாசனை எழுந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. அவனுடைய தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். உப்புப் பார்க்க ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். சரியாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தாள். சோற்றோடு சேர்த்துப் பார்த்தாள்.

பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கை பிசைந்தது, உருட்டியது, வாய்க்குப் போயிற்று. சூடு பொறுக்காமல் வாய்க்குள் உருட்டி ஊதினாள். முழங்கை வரை குழம்பு வழிந்தது. மூக்கில் நீர் வந்தது. வால்துண்டை எடுத்து முள்ளோடு சப்பித் துப்பினாள். ஏதோ தோன்றி நிமிர்ந்தபோது, தங்கசாமி நிலைப்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தான்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அவன் சாப்பிடாமல், அவன் தட்டில், முழங்கை வழிய. சட்டென்று எழப்போனாள்.

“இரி. தின்னு.”

“இல்ல, ஒங்களுக்குத்தான் போட்டேன். காலையிலருந்து ஒண்ணும் திங்கலையா, அதான்…”

“தின்னுட்டீ.”

எதிரே உட்கார்ந்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் ஒரு கவளம் எடுத்தாள். பசி வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. இன்னொன்று எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வரிசையில் உட்கார்ந்து ஹமீதைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். அதற்கும் மேலே ஏதோ இருந்தது அந்தப் பார்வையில்.

“நீ கண்ண மூடிக்கிட்டுத்தான் திம்பியா?”

“யாரு மூடுனா?”

“மூடுதா. ஒவ்வொரு வாய்க்கும் மூடுதா.” சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. “ஏளா, அதுல கொஞ்சம்…”

அவள் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போயிற்று. இன்னொரு தட்டு, நிறையச் சோறு, மூன்று துண்டு மீன். பாதி வழியில் கையை நிறுத்தினாள். திரும்பி, தன் முன்னால் இருந்த எச்சில் தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தினாள்.

அவன் அவள் பிசைந்த சோற்றிலிருந்து ஒரு நுனி எடுத்தான். வாயில் போட்டதும் முகம் சுருங்கியது.

“ஆணிதான்” என்றான்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவன் மென்றான். விழுங்கினான். கொஞ்ச நேரம் உள்ளே எதையோ கேட்கிறவன்போல இருந்துவிட்டு, மறுபடியும் தட்டில் கையை வைத்தான்.

“ஆணி கொஞ்சம் ருசியாத்தான் இருக்கு. நீ தின்னு. நிறுத்தாத.”

அவள் தின்றாள். அவன் கோழி கொத்துவதுபோல் நடுநடுவே எடுத்தான். வெளியே கோமதியம்மாள் யாரையோ வைதுகொண்டிருந்தாள். குளிர் காற்றில் தோல் கிடங்கின் வாடை வந்து போயிற்று. தட்டில் சோறு இறங்கிக்கொண்டே வந்து, நடுத்துண்டு மட்டும் மிஞ்சியது. முப்பிடாதிக்கு இன்னும் பசி தீரவில்லை. துண்டை இரண்டு விரலால் பிளந்து நடுமுள்ளை உருவினாள். பொடி முள்ளைத் தடவித் தடவி எடுத்தாள். சிறு பிடி சோற்றைத் தட்டோரத்தில், அவன் பக்கமாகக் குவித்து, மீனை அதன்மேல் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

முப்பிடாதி கதவுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டு, “எனக்குப் போதும்” என்றாள்.